50 விழுக்காட்டு ஊசியா?

2021ஆம் ஆண்டில் மலேசிய வீடுகளில் அடிக்கடி எழுந்த கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கு எந்த ஊசி?" சினோவேக் என்று பதில் வந்தால், "அது 50 விழுக்காடுதானாமே" என்று பக்கத்தில் இருப்பவர் இழுப்பார். தேர்வில் 50 மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளையைப் பார்க்கும் பார்வை அது. சீனாவிலிருந்து மொத்தமாக வந்து பூச்சோங்கில் குப்பிகளில் அடைக்கப்பட்ட அந்த மருந்துக்கு இந்த 50 எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

சினோவேக் பழைய முறையில் தயாரான தடுப்பூசி. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானில் எடுக்கப்பட்டு, ஆய்வுக்கூடங்களில் தொடர்ந்து வளர்க்கப்பட்டு வரும் உயிரணுக்கள் உள்ளன. அவற்றில் கிருமியைப் பெருக்கி, பீட்டா புரோப்பியோலேக்டோன் என்ற இரசாயனத்தால் கொன்றுவிடுவார்கள். செத்த கிருமியால் நோய் தர முடியாது. ஆனால் அதன் உருவத்தைக் கண்டு உடல் எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளும்.

கொல்வதும் சாதாரணக் காரியம் அல்ல. 1955இல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனம் தயாரித்த போலியோ தடுப்பூசியின் சில தொகுதிகளில் கிருமி முழுதாகச் சாகவில்லை. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளும் அவர்களிடமிருந்து தொற்றியவர்களுமாக ஏறக்குறைய 200 பேருக்குக் கை கால் முடங்கியது. 10 பேர் இறந்தனர். அதன் பிறகுதான், உயிருள்ள கிருமி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் கடுமையாயின.

கோவிட் தடுப்பூசிக்கு வருவோம். சீனாவில் 2020 ஏப்ரலிலேயே இதை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்தது பெரிய சோதனை. பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மறுபாதிக்குக் கிருமி கலக்காத ஊசி. யாருக்கு எது என்பது போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, போடுபவருக்கும் தெரியாது. பிறகு எந்தப் பக்கம் நோய் அதிகம் என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு நோய் வேண்டுமே! சீனாவிலோ தொற்று அப்போது பெருமளவு அடங்கிவிட்டது. ஆகவே பிரேசில், துருக்கி, இந்தோனேசியா என்று நோய் பரவிக்கொண்டிருந்த நாடுகளைத் தேடிச் சோதனை போனது.

பிரேசிலில் சாவ் பாவ்லோ நகரின் புத்தாந்தான் கழகம் பொறுப்பேற்றது. சேர்ந்தவர்கள் 12,000க்கும் மேற்பட்டோர். அத்தனை பேரும் கோவிட் நோயாளிகளைக் கவனித்த மருத்துவர்கள், தாதியர், சுகாதாரப் பணியாளர்கள். தினமும் கிருமிக்கு நடுவிலேயே நின்றவர்கள். இரண்டு ஊசிகளுக்கும் இடைவெளி இரண்டே வாரம். வீட்டிலேயே குணமாகும் அளவுக்கு லேசான நோயாக இருந்தாலும், பரிசோதனையில் உறுதியானால் அதுவும் கணக்கில் சேர்ந்தது.

அப்படி எண்ணியதில் நோய் கண்டவர்கள் 252 பேர். கிருமி கலக்காத ஊசியின் பக்கம் 167, தடுப்பூசியின் பக்கம் 85. ஒவ்வொருவரையும் கவனித்து வந்த காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வந்த எண்தான் 50.38 விழுக்காடு. ஊசி போட்டவர்களில் பாதிப் பேர் நோயில் விழுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. போடாதிருந்தால் வந்திருக்கக்கூடிய நோயில் பாதி வராமல் போனது என்பதே பொருள். மருத்துவ உதவி தேவைப்பட்டவர்களை மட்டும் எண்ணினால், அதே சோதனையில் அதே ஊசிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 78 விழுக்காடு.

கோளாறு அறிவித்த விதத்தில்தான். 2021 ஜனவரி 7ஆம் நாள் 78ஐ மட்டும் சொன்னார்கள். ஐந்து நாள் கழித்து 50.38ஐச் சொன்னார்கள். மறைத்துவிட்டார்கள் என்று மக்கள் நினைத்ததில் என்ன தவறு? துருக்கி அதற்கும் முன்பே, 2020 டிசம்பரில், வெறும் 29 நோயாளிகளை வைத்து 91.25 என்று அறிவித்திருந்தது. முழுக் கணக்கு வெளியானபோது அது 83.5 ஆக இறங்கியது. அவசர காலத்தில் ஊசியைச் சீக்கிரம் தயாரிக்கலாம். எண்களைச் சீக்கிரம் அறிவித்தால் அவற்றைத் திரும்பப் பிடிக்க முடிவதில்லை.

தென் அமெரிக்காவில் சிலி நாடு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் பதிவுகளை 2021இல் ஆராய்ந்தது. நோயைத் தடுத்ததில் 65.9 விழுக்காடு, மருத்துவமனையில் சேரும் நிலையைத் தடுத்ததில் 87.5, மரணத்தைத் தடுத்ததில் 86.3. அதற்காக ஆகச் சிறந்த ஊசி இதுதான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எம்ஆர்என்ஏ ஊசிகளைக் காட்டிலும் இதில் எதிர்ப்புச் சக்தி குறைவாகவே உருவானது. சிங்கப்பூர் 2021 அக்டோபரில் இதைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தபோதே, மூன்று ஊசி போட வேண்டும் என்றுதான் சேர்த்தது.

பிரேசிலின் அந்தச் சோதனையில் சாவ் பாவ்லோ மருத்துவமனையின் 54 வயதுத் தாதி ஒருவரும் இருந்தார். அவருக்கு வாய்த்தது கிருமி கலக்காத ஊசி. அது தெரியாமலேயே கோவிட் நோயாளிகளைக் கவனித்து வந்தார். 2021 ஜனவரி 17ஆம் நாள் அவசர அனுமதி கிடைத்த சில நிமிடங்களில், சோதனைக்கு வெளியே பிரேசில் நாட்டின் முதல் கோவிட் தடுப்பூசி அவருடைய கையில்தான் போடப்பட்டது.