சத்தம் எங்கே போச்சு?

கோவிலூர், பழத்தோட்டம், சிலந்தியாறு, கொட்டாக்கொம்பூர் என்று பல ஊர்களில் இருந்து வந்திருக்கிறீர்கள். பூண்டுக் காட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்தவர்களும் உண்டு. அதனால் நேராக விஷயத்துக்குப் போகலாம்.

இன்றைய விஷயம் லேப்டாப். புத்தகத்தில் மடிக்கணினி என்று போட்டிருக்கும். அதில் படம் ஓடுகிறது. வாய் அசைகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. அல்லது கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல மெல்லக் கேட்கிறது. என்ன செய்வது?

இது சின்ன விஷயமா? 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசின் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் வகுப்புகள் தொடங்கின. அதற்கு 'ஃபர்ஸ்ட் பெல்' என்று பெயர். முதல் மணி என்று அர்த்தம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழிலும் பாடம் வந்தது. டிவியில் பார்த்தாலும், போனில் பார்த்தாலும், லேப்டாப்பில் பார்த்தாலும் பாடம் காதில் விழ வேண்டும் அல்லவா? வாய் அசைவதைப் பார்த்துக் கணக்குப் படிக்க முடியுமா?

இப்போது பள்ளிகள் திறந்துவிட்டன. ஆனால் லேப்டாப் வீட்டை விட்டுப் போகவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அதில்தான் முகம் காட்டிப் பேசுகிறான். பள்ளிகளிலும் அது இருக்கிறது. கேரள அரசின் ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுத்தார்கள்.

1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்றும் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அறிவிப்பு வந்ததும் பயம் போய்விடாது. சத்தம் நின்றால் இன்றைக்கும் பலருக்குக் கை நடுங்குகிறது. 'தொட்டால் கெட்டுப் போகுமோ' என்ற பயம்.

அந்தப் பயத்துக்குக் காசு செலவாகிறது. எப்படி? ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் சத்தம் இல்லை. அம்மா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மூணாறுக்குப் பஸ் ஏறுகிறாள். சுமார் 45 கிலோமீட்டர். போகவும் வரவும் பஸ் காசு. ஒரு நாள் கூலி போச்சு. கடைக்காரர் ஒரே ஒரு பொத்தானை அழுத்துகிறார். சத்தம் வந்துவிடுகிறது! பார்த்த கூலியும் கேட்கிறார். அது அவர் தொழில். அவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் பொத்தான் வீட்டிலேயே இருந்ததே!

சரி, சத்தம் எப்படி வருகிறது? உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே புரிந்துகொள்ளலாம். மேலே ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. அங்கிருந்து வாய்க்கால். வாய்க்காலில் மடை. மடை தாண்டி அடுத்த மடை. கடைசியில் கேரட் பாத்தி. பாத்தி காய்ந்து கிடந்தால் என்ன செய்வீர்கள்? ஓடை வற்றிவிட்டது என்று உடனே அழுவீர்களா? மாட்டீர்கள். வாய்க்கால் வழியே நடந்து போய் ஒவ்வொரு மடையாகப் பார்ப்பீர்கள்.

லேப்டாப்பிலும் அப்படித்தான். சத்தம் பல மடைகளைத் தாண்டித்தான் காதுக்கு வருகிறது. பாடம் பதிவான வீடியோதான் ஓடை. வீடியோ ஓடும் பெட்டியில் ஒரு மடை. லேப்டாப்பின் மொத்தச் சத்தத்துக்கு ஒரு மடை. சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பி விடும் மடை ஒன்று. கடைசியில் ஸ்பீக்கர். அதுதான் பாத்தி.

முதலில் ஓடையைப் பாருங்கள். வேறு ஒரு வீடியோவை ஓட விடுங்கள். அதில் சத்தம் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் லேப்டாப்பில் குற்றம் இல்லை. முதல் வீடியோவைப் பதிவு செய்தபோதே சத்தம் குறைந்துவிட்டது. ஆசிரியர் மைக்கை விட்டுத் தள்ளி நின்று பேசியிருப்பார். வேறு வீடியோவிலும் சத்தம் இல்லையா? அப்போது மடைகளைப் பார்க்க வேண்டும்.

வீடியோவின் அடியில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். புனலைப் படுக்க வைத்தது போல இருக்கும். பக்கத்தில் ஒரு கோடு. கோட்டில் ஒரு புள்ளி. புள்ளியை வலது பக்கம் இழுத்தால் சத்தம் கூடும். ஸ்பீக்கர் படத்தின் மேல் குறுக்குக் கோடோ, பெருக்கல் குறியோ இருந்தால் வாயை அடைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும். இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. கொச்சியிலும் இதே படம்தான், அமெரிக்காவிலும் இதே படம்தான்.

அடுத்தது மொத்த மடை. விண்டோஸ் லேப்டாப்பில் திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரம் இருக்கும். அதன் பக்கத்தில் இன்னொரு ஸ்பீக்கர் படம். தட்டினால் கோடு வரும். சாவிப் பலகையின் மேல் வரிசையிலும் இதே படம் போட்ட சாவிகள் இருக்கும். ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க, ஒன்று அடைக்க. துடைக்கும்போது அடைக்கும் சாவியில் கை பட்டிருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்!

இங்கே ஒரு கணக்கு உண்டு. முதல் மடை பாதி திறந்திருக்கிறது. இரண்டாம் மடையும் பாதி. பாத்திக்கு எவ்வளவு வரும்? பாதியில் பாதி. அதாவது கால் பங்கு. லேப்டாப்பிலும் ஏறத்தாழ இந்தக் கணக்குத்தான். ஒரு கோட்டை மட்டும் முழுசாக வைத்துவிட்டு 'கூட்டித்தானே வைத்தேன்' என்று சொல்வதில் பயன் இல்லை. இரண்டையும் பார்க்க வேண்டும்.

இப்போது ஏமாற்றும் மடை வருகிறது. தண்ணீர் நன்றாக ஓடுகிறது. ஆனால் பக்கத்துக் காட்டுக்குப் போகிறது! அதைப் பற்றி ஒரு சின்ன உரையாடல். அம்மாவும், பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கும் பெண்ணும் பேசுகிறார்கள்.

"பாப்பா, எல்லாத்தையும் கூட்டிட்டேன். படம் மட்டும் ஓடுது. சத்தத்தைக் காணோம்."

"சித்தி, காதுல மாட்டுற ஒயர் ஏதாவது செருகியிருக்கா?"

"இல்லையே."

"நேத்து தம்பி ஒயர் இல்லாத ஹெட்போன்ல பாட்டுக் கேட்டானே, அது எங்கே?"

"அந்தா, அலமாரியில கிடக்கு."

பெண் அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "சித்தி, டீச்சர் அலமாரிக்குள்ள பாடம் நடத்திக்கிட்டு இருக்காங்க!"

ஒயர் இல்லாத இணைப்புக்கு புளூடூத் என்று பெயர். அது அணையாமல் இருந்தால் சத்தம் அங்கேதான் போகும். வகுப்பறையில் புரொஜெக்டர் மாட்டினாலும் இப்படி நடக்கும். எச்.டி.எம்.ஐ. என்ற ஒயர் படத்தோடு சத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகும். புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் வகுப்பு ஊமையாகிவிடும். இதற்கு வழி என்ன? வலது கீழ் மூலையில் சத்தக் கோட்டைத் திறந்தால் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டினால் சத்தம் போகக் கூடிய இடங்களின் பட்டியல் வரும். அதில் 'ஸ்பீக்கர்ஸ்' என்பதைத் தட்ட வேண்டும். பள்ளி லேப்டாப்பில் விண்டோஸ் இருக்காது. கைட் தயாரித்த லினக்ஸ் இருக்கும். அதில் 'சவுண்ட்' என்ற பக்கத்தில் 'அவுட்புட்' என்ற இடத்தில் இதே வேலையைச் செய்யலாம்.

போன் போலப் பேசும் நேரத்தில் மட்டும் பாட்டும் வீடியோவும் அடங்கிப் போகிறதா? பயப்பட வேண்டாம். பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காக விண்டோஸ் மற்ற சத்தத்தை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு உண்டு. பேசி முடித்ததும் பழையபடி ஆகிவிடும்.

எல்லா மடையும் திறந்திருக்கிறது. இருந்தும் சத்தம் குறைவு. அப்போது பாத்தியைப் பாருங்கள். பல லேப்டாப்புகளில் ஸ்பீக்கர் துளைகள் அடிப்பக்கம் இருக்கும். வட்டவடைக் குளிருக்கு லேப்டாப்பையும் கம்பளி மேல் வைத்துக்கொள்கிறார்கள். கம்பளி துளையை மூடிவிடும். சூடும் வெளியே போகாது. பலகை மேல் வையுங்கள். அடுப்புப் புகையும் தூசியும் துளையில் அடையும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். குளிரில் வெளியே இருந்து கொண்டு வந்த லேப்டாப்பை அடுப்படிச் சூட்டில் உடனே போடவும் வேண்டாம். உள்ளே நீர் கோத்திருக்கும். கொஞ்ச நேரம் விட்டுப் போடுங்கள்.

இனி ஒயர் உள்ள ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதில் நன்றாகக் கேட்டு, வெளி ஸ்பீக்கரில் கேட்காவிட்டால் ஸ்பீக்கர் கெட்டிருக்கலாம். ஒயர் செருகும் துளையில் அழுக்கு இருந்தாலும் இப்படி ஆகும். ஹெட்போன் மாட்டியிருப்பதாக லேப்டாப் ஏமாந்துபோகும். ஹெட்போனிலும் கேட்காவிட்டால் ஒரு முறை முழுதாக அணைத்துப் போடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கடைக்குப் போகலாம். என்னென்ன பார்த்தீர்கள் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கும் வேலை குறையும்.

ஒரு எச்சரிக்கை. குறை தேடும்போது எல்லா மடையையும் முழுசாகத் திறந்து வைத்திருப்பீர்கள். அப்படியே பிள்ளையின் காதில் ஹெட்போனை மாட்டிவிடக் கூடாது! முதலில் குறைத்துவிட்டு மாட்டுங்கள். 80 டெசிபல் சத்தத்தைப் பெரியவர்களே வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகள் அதைவிடக் குறைவாகத்தான் கேட்க வேண்டும். உட்காதில் இருக்கும் மெல்லிய மயிர் போன்ற செல்கள் கெட்டால் மறுபடி முளைக்காது.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் சத்தம் கேட்கிறது. தாத்தாவுக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் லேப்டாப்பைத் திட்டுகிறார். அப்போது லேப்டாப்பைத் திறந்து பயன் இல்லை. காது அழுக்கு அடைத்திருக்கலாம். வயதால் மந்தம் வந்திருக்கலாம். ஹேர்பின் விட்டுக் குடையாதீர்கள். எண்ணெயைக் காய்ச்சி ஊற்றாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஒரு காது மட்டும் கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு வசதி இருக்கிறது. ஹெட்போனில் வலது காதுக்குக் கொஞ்சம், இடது காதுக்குக் கொஞ்சம் என்று சத்தம் பிரிந்து வரும். கேளாத காதுக்குப் போவது வீண். 'மோனோ ஆடியோ' என்ற பொத்தானைப் போட்டால் இரண்டும் சேர்ந்து இரண்டு காதிலும் வரும். விண்டோஸில் 'அக்சஸிபிலிட்டி' என்ற பக்கத்தில், 'ஆடியோ' என்ற இடத்தில் இருக்கிறது.

மேசை மேல் இரண்டு லேப்டாப் இருக்கின்றன. இரண்டிலும் வேண்டும் என்றே சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது. எந்த மடையில் என்று இப்போது சொல்லப் போவதில்லை. தாய்மார்கள் முதலில் வாருங்கள்.