மாயத்தின் விதியும் காதலின் தடையும்



மாயக் காதல் நாவல்களின் எழுத்து நுட்பத்தை ஆராயும் இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. பதிப்புலகம் ‘ரொமான்டஸி’ என்று அழைக்கும் இந்நாவல்களை, நன்றாக விற்கின்றன என்பதற்காகவே ஒதுக்குவோர் உண்டு. அதே காரணத்துக்காகக் கொண்டாடுவோரும் உண்டு. கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று இரு சாராரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த வேலைக்காகத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

அமர்வுகள் தொடங்குமுன் ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு மாய உலகை எந்த விதி ஆள்கிறதோ, அந்த விதியே அங்கு நிகழும் காதலுக்குத் தடையாகவும் சோதனையாகவும் அமைய வேண்டும். மாயத்தை எடுத்துவிட்டாலும் காதல் கதை அப்படியே நிற்குமானால், அங்கே மாயம் வெறும் வேடம்.

இது நமக்குப் புதிதல்ல. புகழேந்தியின் நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். நளனோடு தேவர் நால்வரும் நளன் உருவிலேயே வீற்றிருக்கிறார்கள். தேவர்களுக்குக் கண் இமைக்காது. கால் நிலத்தில் படியாது. சூடிய மாலை வாடாது. இமைப்பவன் எவன், எவன் மாலை வாடியிருக்கிறது என்று பார்த்துத் தமயந்தி தன் நளனைக் கண்டுகொள்கிறாள். விதி மட்டும் இல்லாவிட்டால் அவள் மாலையிட்டது குருட்டு அதிர்ஷ்டமாகப் போயிருக்கும். விதி இருப்பதால், வாடக்கூடிய மனிதனை அறிந்தே தேர்ந்தவள் ஆகிறாள்.

மணிமேகலை இதன் மறுபக்கம். தன்னை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தால் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவெடுக்கிறாள். காயசண்டிகையின் கணவனான விஞ்சையன், தன் மனைவியை அயலான் நாடி வருகிறான் என்றெண்ணி உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். காப்புக்குக் கிடைத்த மந்திரமே கொலைக்கு வழிவிடுகிறது.

இன்றைய நாவல்களுக்கு வருவோம். டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய ‘ஹௌல்ஸ் மூவிங் காசில்’ நாவலில் சோஃபி என்ற இளம்பெண் சாபத்தால் கிழவியாகிறாள். சாபத்தைப் பற்றி யாரிடமும் அவளால் வாய் திறக்க முடியாது. கூச்ச சுபாவம் கொண்ட அந்தப் பெண், கிழவியான பிறகு மந்திரவாதி ஹௌலை முகத்துக்கு நேரே அதட்டுகிறாள். கேளாமலே அவன் வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறாள். காதலுக்குத் தடையாக வந்த சாபமே அவளுக்குத் துணிவைக் கொடுத்து, காதலுக்கு வழியும் திறக்கிறது.

ஃபிஜியில் பிறந்த நியூசிலாந்து எழுத்தாளர் நளினி சிங், 2006இல் ‘ஸ்லேவ் டு சென்சேஷன்’ நாவலுடன் ஒரு நெடுந்தொடரைத் தொடங்கினார். அதில் வரும் ‘சை’ இனத்தார் உணர்ச்சியை அறவே துறக்கப் பழக்கப்பட்டவர்கள். அவர்கள் மனங்கள் எல்லாம் ஒரு வலையில் கோக்கப்பட்டவை. அதிலிருந்து அறுபட்டால் மரணம். இப்படிப்பட்ட உலகில் காதலிப்பதே கலகமாகிவிடுகிறது. வில்லன் என்று தனியே ஒருவன் வந்து காதலர்களைப் பிரிக்க வேண்டியதில்லை.

ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ (2023) இதே வித்தையை வேறு விதமாகச் செய்கிறது. டிராகன் மாண்டால் அதில் ஏறிப் போரிடுபவரும் மாள்வார். பகைக் குடும்பங்களில் பிறந்த வயலட், ஸேடன் இருவரையும் தேர்ந்த டிராகன்களோ ஒன்றுக்கொன்று துணை. ஒருவர் உயிர் மற்றவர் உயிரோடு இப்படிப் பிணைந்துவிட்டதால், ஒருவரையொருவர் வெறுத்தாலும் காக்காமல் இருக்க இருவராலும் முடியாது.

தொடர் நாவல் என்று வந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. முதல் நூலிலேயே தடை நீங்கிவிட்டால் இரண்டாவது நூலுக்கு என்ன வேலை? நளினி சிங் நூலுக்கு ஓர் இணை என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொரு காதலும் நிறைவடைகிறது, அந்த உலகின் பெரிய மோதல் தொடர்கிறது. ஒரே இணையை நான்கு நூல்களில் நடத்திச் சென்றவர் ஸ்டெஃபனி மேயர் (‘ட்வைலைட்’, 2005–2008). புதிதாக இரத்தக்காட்டேரி ஆனவர்களின் தாகம் கட்டுக்கடங்காதது என்று முந்தைய நூல்கள் நம்மை எச்சரிக்கின்றன. நான்காவதில் நாயகி பெல்லா அப்படி மாறும்போது, ஆரம்பத்திலேயே தன்னை அடக்கிக்கொள்கிறாள். அதற்கு நூலில் காரணம் தரப்படுகிறது. ஆனாலும், இத்தனை நாள் அஞ்சி நடுங்கிய விலையை யாரும் செலுத்தாமலே கதை முடிந்த குறை தங்கிவிடுகிறது. விதியை மாற்ற ஆசிரியருக்கு உரிமை உண்டு. மாற்றுவதற்கான விலையைப் பாத்திரம் கொடுத்தாக வேண்டும்.

இளம் தமிழ் எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. யட்சியை எழுதுங்கள், டிராகனையும் எழுதுங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்க மாட்டேன். உங்கள் யட்சியால் எது முடியாது என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அவளால் முடியாத அந்த ஒன்றைக் காதல் கேட்கும்போதுதான் கதை பிறக்கிறது.

இந்த அரங்கம் விவாதிக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நூற்றாண்டு வயதுடைய காதலனும் பதினேழு வயதுப் பெண்ணும் சமமாக நிற்பது எப்படி? இருவரையும் விதியே பிணைத்துவிட்டால், அவளது சம்மதத்துக்கு என்ன பொருள்? ஐவரில் ஒருவனைத் தானே தேர்ந்த தமயந்திக்கு இருந்த உரிமை, இன்றைய நாயகிக்கு இருக்கிறதா என்பதைக் கட்டுரையாளர்கள் நாவல் நாவலாக எடுத்துச் சோதித்துச் சொல்ல வேண்டும். என் கருத்துக்கு மாறான சான்றுகள் கிடைத்தால் தயங்காமல் முன்வையுங்கள். மறுப்புகளையே அதிகம் எதிர்பார்க்கிறேன்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைத்து, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.