ஆறு பேர், நான்கு இடங்கள்: போகிமான் அணி அமைக்கும் கலை

ஜப்பானின் கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கி, நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக 1996 பிப்ரவரியில் வெளிவந்த போகிமான் விளையாட்டு, விந்தை உயிரினங்களைப் பிடித்துப் பழக்கி மோதவிடும் சிறுவர் பொழுதுபோக்காகவே பெரும்பாலோருக்கு அறிமுகமாகியிருக்கிறது. அதே வீடியோ விளையாட்டுக்கு 2009 முதல் உலகச் சாம்பியன் போட்டிகள் நடத்தப்படுகின்றன என்பதும், அவற்றில் வெற்றி தோல்வியின் பெரும்பகுதி மோதல் தொடங்கும் முன்பே, அணியை அமைக்கும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அதிகாரபூர்வப் போட்டி இரட்டையர் முறையில் நடைபெறுகிறது. அதாவது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே நேரத்தில் இரண்டு போகிமான்கள் களத்தில் நிற்கும். போட்டியாளர் ஆறு போகிமான்கள் கொண்ட அணியைப் பதிவு செய்து, ஆட்டத்துக்குச் சற்று முன் எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, தம் ஆறிலிருந்து நான்கை மட்டும் தேர்ந்தெடுத்துக் களமிறக்குகிறார். ஒரே இனம் அணியில் இருமுறை வரக்கூடாது. ஒரே பொருளை இரண்டு போகிமான்கள் வைத்திருக்கவும் கூடாது. எல்லாப் போகிமான்களும் 50ஆம் நிலையில் நின்றே மோதுவதால், நெடுநாள் விளையாடி நிலையை உயர்த்திக்கொண்டவருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை; எஞ்சுவது திட்டமிடும் அறிவு மட்டுமே.

அந்தத் திட்டத்தின் அடித்தளம் வகை என்னும் பிரிவு ஆகும். நெருப்பு, நீர், புல், மின்சாரம், நிலம் என 18 வகைகள் உள்ளன. கடைசியாக 2013இல் தேவதை வகை சேர்க்கப்பட்டது. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும் என்பது போன்ற உறவுகளால் ஒரு தாக்குதலின் சேதம் இரு மடங்காகலாம், பாதியாகலாம், சில சமயம் ஒன்றுமில்லாமலும் போகலாம். ஒரு போகிமானுக்கு இரண்டு வகைகள் இருந்தால் இவ்விளைவுகள் ஒன்றோடொன்று பெருக்கப்படும் என்பதால், நீரும் பறத்தலும் சேர்ந்த கியாரடோஸுக்கு மின்தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும். டிராகனும் நிலமும் சேர்ந்த கார்சோம்புக்குப் பனித்தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும். ஒரே பலவீனத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அணி ஒரே எதிரியிடம் வரிசையாக விழுந்துவிடும். ஆகவே ஒருவரின் பலவீனத்தைத் தாங்கக்கூடிய மற்றொருவர் அணியில் இருப்பது அமைப்பின் முதல் விதியாகிறது.

அடுத்தது எண்கள். உயிர்ப்புள்ளி, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என ஒவ்வொரு போகிமானுக்கும் ஆறு ஆற்றல்கள் உண்டு. இனத்துக்கு இயல்பாக அமைந்த அளவுக்கு மேல், பயிற்சியால் சேர்க்கும் புள்ளிகளுக்கு 2014ஆம் ஆண்டு நடப்பிலிருந்த விதிப்படி மொத்தம் 510 என்றும், ஓர் ஆற்றலுக்கு 252 என்றும் உச்சவரம்பு இருந்ததால், இரண்டை முழுமையாக வளர்த்தவருக்கு மற்றவற்றுக்குச் செலவிட 6 புள்ளிகளே மிஞ்சும். களத்தில் வேகம் கூடியதே முதலில் தாக்கும் என்பதால், முழு வேகப் பயிற்சியும் அதற்கேற்ற சுபாவமும் பெற்ற கார்சோம்ப் 169ஐயும், அதே கவனிப்பைப் பெற்ற சாலமென்ஸ் 167ஐயும் எட்டும்போது, அந்த இரண்டு புள்ளி வேறுபாடே யார் முதலில் அடிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இதனாலேயே தம் பக்கத்தின் வேகத்தைச் சில சுற்றுகளுக்கு இரட்டிப்பாக்கும் டெயில்விண்ட், மெதுவானவை முதலில் நகரும்படி வரிசையைத் தலைகீழாக்கும் ட்ரிக் ரூம் ஆகிய உத்திகளில் ஒன்றைச் சுற்றியே முழு அணியையும் கட்டுவோர் பலர் உண்டு.

இந்த விதிகள் எல்லாம் ஒருங்கே செயல்பட்டதற்கு, 2014 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சே ஜுன் பார்க் பெற்ற சாம்பியன் பட்டம் சிறந்த சான்றாகும். கார்சோம்ப், கியாரடோஸ், கார்டிவார், டேலன்ஃபிளேம், கோதிடெல் ஆகிய ஐந்தோடு, மின்வகையைச் சேர்ந்த சின்னஞ்சிறு அணிலான பாச்சிரிசுவையும் அவர் அணியில் சேர்த்திருந்தார். ஆறு ஆற்றல்களின் இயல்பான அளவுகளைக் கூட்டினால் கார்சோம்புக்கு 600 வரும்; பாச்சிரிசுவுக்கு 405தான் வரும். வலிமைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அணி அமைப்பவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

ஆனால் பாச்சிரிசுவிடம் இரண்டு சிறப்புகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, எதிராளியின் ஒற்றை இலக்குத் தாக்குதல்களை அந்தச் சுற்று முழுவதும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஃபாலோ மீ என்னும் செயல். மற்றது, தன்மீது விழும் மின்தாக்குதலைச் சேதமின்றி உறிஞ்சி உயிர்ப்புள்ளியாக மாற்றிக்கொள்ளும் வோல்ட் அப்சார்ப் என்னும் இயல்புத் திறன். மின்வகை ரோட்டம் பலரது அணியிலும் இருந்த அந்தப் பருவத்தில், கியாரடோஸை வீழ்த்த ஏவப்படும் மின்னல் அருகில் நிற்கும் அணிலிடம் திரும்பி, அதற்கே மருந்தாகிவிடும். பாச்சிரிசுவுக்கு இருந்த ஒரே பலவீனம் நிலத்தாக்குதல். பறத்தல் வகையான கியாரடோஸுக்கோ, அந்த வகையை இழக்கச் செய்யும் மெகா உருமாற்றம் பெறாதவரை, நிலத்தாக்குதல் எதுவும் செய்யாது. எதிராளியிடம் மிஞ்சியுள்ள உயிர்ப்புள்ளியைப் பாதியாக்கும் சூப்பர் ஃபேங் என்னும் பாச்சிரிசுவின் மற்றொரு செயலின் பலன் தாக்குதல் ஆற்றலைச் சார்ந்ததன்று என்பதால், பயிற்சிப் புள்ளிகளைத் தாக்குதலில் செலவிடாமல் தாங்கும் திறனில் போடவும் வழி கிடைத்தது. அதே அணிலைக் கார்சோம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினால், கூட்டாளியையும் சேர்த்தே தாக்கும் கார்சோம்பின் எர்த்குவேக் என்னும் நிலத்தாக்குதல் முதலில் அதைத்தான் பதம்பார்க்கும். எனவே ஆறில் எந்த நான்கு, அந்த நான்கில் எந்த இரண்டு முதலில் என்ற கேள்வியும் அணி அமைப்பின் பகுதியே ஆகும்.

இதிலிருந்து புதிதாக அணி அமைப்போருக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது. முதலில் வெற்றிக்கான வழி ஒன்றைத் தீர்மானித்து, அதை நிறைவேற்றும் ஒரு போகிமானையும் அதற்குத் துணைநிற்கும் மற்றொன்றையும் தேர்ந்தெடுத்து, அந்த இணையை முறியடிக்கக்கூடியவை எவை என்று பட்டியலிட்டு, அவற்றுக்கு விடையாக மற்ற நான்கைச் சேர்ப்பது தேர்ந்தவர்கள் பின்பற்றும் ஒழுங்கு. ஒவ்வொன்றுக்கும் நான்கு செயல்களே அனுமதிக்கப்படுவதால், அவற்றில் ஒன்றை ஒரு சுற்று முழுவதும் தற்காத்துக்கொள்ளும் புரொடெக்ட்டுக்கு ஒதுக்குவது வீணென்று தொடக்கநிலையினர் எண்ணுவதுண்டு. ஆனால் எதிராளியின் இரு போகிமான்களும் ஒன்றையே குறிவைக்கும் சுற்றில் அந்த ஒரு செயல் இரண்டு தாக்குதல்களையும் வீணடித்து, பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்குத் தடையின்றி அடிக்க இடம் தருகிறது.

அணியைத் தாளில் முடித்துவிட முடியாது. மெட்டா என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் சூழல், அதாவது குறிப்பிட்ட பருவத்தில் பலரும் பயன்படுத்தும் போகிமான்களும் உத்திகளும் சேர்ந்த நிலை, விதிகள் மாறும்போதும் புதிய வெற்றிகள் பரவும்போதும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் பயிற்சி ஆட்டங்களில் தோற்கும்போது, தோல்விக்குக் காரணம் அணியின் அமைப்பா, ஆடிய முறையா, அல்லது தற்செயலா என்று பிரித்தறிந்து, அமைப்பில் குறையிருந்தால் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே பயனுள்ள திருத்தமாகும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றுபவருக்கு எந்த மாற்றம் பலன் தந்தது என்பது விளங்காது.

எல்லாக் காலத்துக்கும் உரிய சிறந்த அணி என்று ஒன்று இந்த விளையாட்டில் இல்லை. சாம்பியனின் ஆறையும் அப்படியே படியெடுத்துக்கொள்வதைவிட, ஒவ்வொன்றும் எந்தக் குறையை நிரப்ப அங்கே வந்தது என்று கேட்டறிவதே அணி அமைக்கக் கற்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை.