பழம்பொன்னும் நியாய விலையும்

வெள்ளவத்தைக் காலி வீதியில் பொழுது சாயும் வேளையில் நகைக்கடைகளின் விளக்குகள் ஒளிரத் தொடங்கும். புது நகை வாங்க வருவோர் குடும்பத்தோடு பேச்சும் சிரிப்புமாக வருவர். பழைய நகையை விற்க வரும் பெண்ணோ பெரும்பாலும் தனியே வருவாள். அவளுடைய கைப்பையில் ஒரு சிறு துணி முடிச்சு. அதனுள் அறுந்த சங்கிலி, துணையிழந்த ஒற்றைத் தோடு, நெளிந்த காப்பு. அறிந்தவர் எவரேனும் கண்டுவிடுவரோ என்னும் கூச்சம் ஒருபுறம். நாளை கட்டவேண்டிய பிள்ளையின் படிப்புப் பணம் மறுபுறம். கடைக்காரர் ஒரு தொகையைச் சொல்லுகிறார். அவள் தலையசைத்துப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறாள். அத்தொகை எவ்வாறு வந்தது என்று அவள் கேட்கவில்லை. இழப்பு நேருவது அந்த இடத்திலேதான்.

தமிழ்க் குடும்பங்களுக்குப் பொன் வெறும் அணிகலன் அன்று. ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. 1983 ஆம் ஆண்டு ஜூலையில் இப்பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு ஓடநேர்ந்தபோது, கையோடு எடுத்துச் செல்லக்கூடிய செல்வம் எது என்பதை அனைவரும் உணர்ந்தனர். 2022 இல் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த மதிப்பு சில மாதங்களில் 360 ரூபாயளவுக்குச் சரிந்தது. பொன்னின் விலை அதற்கேற்ப உயர்ந்தது. இத்தகைய சேமிப்பை விற்கும்போது, அதன் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும் அல்லவா?

கணக்கு மூன்றே உறுப்புகளை உடையது: எடை, மாற்று, அன்றைய விலை.

முதலாவது எடை. இலங்கை வணிகத்தில் ஒரு பவுன் என்பது 8 கிராம். தராசு வெறுமையாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா என்று நோக்கிய பின்னரே நகையை வைக்கவேண்டும். பழைய அட்டியலிலும் தோட்டிலும் கல்லும் அரக்கும் இருக்கும். அவற்றின் எடையைக் கழிப்பது நியாயமே. ஆனால் மதிப்பினால் கழிப்பதைவிடக் கற்களைப் பெயர்த்தெடுத்து நிறுப்பது நன்று. பெயர்த்த கற்கள் விற்பவருக்கே உரியவை.

இரண்டாவது மாற்று. தூய பொன் 24 கரட். 22 கரட் நகையில் ஆயிரத்தில் ஏறத்தாழ 916 பங்கு பொன் உண்டு. எஞ்சியது செம்பும் வெள்ளியும். 16 கிராம் காப்பு ஒன்று 22 கரட்டாயின் அதில் 14.67 கிராம் தூய பொன் இருக்கும். 20 கரட்டாயின் 13.33 கிராமே இருக்கும். "மாற்றுக் குறைவு" என்னும் ஒரு சொல்லில் ஒரு கிராமுக்கு மேற்பட்ட பொன் மறைந்து போகலாம். அச்சொல் மெய்யாகவும் இருக்கலாம். பத்தர் ஒட்டுவதற்குச் சேர்த்த பற்றாசு மாற்றைக் குறைக்கும். ஆகவே சோதனையைக் கண்முன் செய்யும்படி கேட்பதே முறை. உரைகல்லும் அமிலமும் மேற்பரப்பையே காட்டும். இக்காலக் கதிர்க்கருவியும் பெரும்பாலும் அவ்வாறே. ஐயம் தீர வேண்டுமாயின் உருக்கிப் பார்க்கவேண்டும். உருக்கிய நகை மீளாது. எனவே உருக்குமுன் எடையும் விலையும் பேசி முடித்திருத்தல் வேண்டும். 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை பொன்னின் மாற்றைச் சோதித்துத் தரும் பணியையும் செய்கிறது. பெருந்தொகை நகையை விற்போர் அங்கு முதலில் செல்லுதல் நலம்.

மூன்றாவது விலை. உலகச் சந்தையில் 31.1 கிராம் கொண்ட அவுன்சுக்கு டொலரில் குறிக்கப்படும் விலையே ரூபாயாக மாறி, புறக்கோட்டைச் செட்டியார் தெரு வழியாக வெள்ளவத்தைக்கு வருகிறது. 24 கரட் விலையை வைத்துக் கணக்கிடுபவர் மாற்றுக்காக ஒருமுறை கழிக்கலாம். 22 கரட் விலையில் கணக்கிட்ட பின், "இது 22 தானே" என்று மறுபடியும் கழிப்பது நியாயமன்று. வணிகருக்கு உருக்குச் செலவும் இலாபமும் உண்டு. அவை எவ்வளவு என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வாங்கியபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வாரா என்பதை விற்பவரும் ஏற்றுக்கொள்ளவேண்டும். பழைய நகைக்கு அதிக விலை தருவதாகச் சொல்லிப் புது நகையை எடுக்கச் சொன்னால், புது நகையின் செய்கூலியைப் பார்த்த பின்னரே அது இலாபமா என்பது விளங்கும்.

எடை, மாற்று, விலை, கழிவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டு, அத்தாளுடன் மேலும் இரு கடைகள் ஏறி இறங்கினால் போதும். நியாய விலை தானே புலப்படும். நேர்மையான வணிகர் அதனை மறுக்கமாட்டார். தேவை சில மாதங்களுக்கே உரியதாயின், விற்காமல் வங்கியில் அடைவு வைத்து மீட்பதும் ஒரு வழி. வட்டியையும் தவணையையும் மட்டும் மறத்தலாகாது.

நகையை விற்பதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. அது எந்நாளுக்கென்று சேர்க்கப்பட்டதோ, அந்நாளில் உதவுகிறது. கூச்சத்தை வீட்டிலே வைத்துவிட்டு, கணக்கை மனத்திலே கொண்டு, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் செல்லும் பெண், தன் தாய் தந்த பொன்னுக்கு உரிய விலையைப் பெற்றே திரும்புவாள்.