தாமதமாக வந்த துப்பாக்கி

கீழ்பென்னாத்தூரில் திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் வாலிபர்கள், செல்போனைக் குறுக்காகப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் யுத்தம் நடத்துவதைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியவர்கள், அவ்விளையாட்டுகளின் குணதோஷங்களை அவ்வாலிபர்களே எவ்வளவு கறாராக விசாரிக்கிறார்கள் என்பதை நின்று கேட்பதில்லை. அவ்விதம் விசாரிக்கப்பட்ட விளையாட்டுகளில் ஒன்று 'ஃபௌ-ஜி'.

2020 செப்டம்பரில் மத்திய சர்க்கார் 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டும் போயிற்று. இரண்டே நாளில் நடிகர் அக்ஷய் குமார், பெங்களூர் என்கோர் கேம்ஸ் நிறுவனத்தின் இந்தச் சுதேசி விளையாட்டை அறிவிக்க, நிகர வருவாயில் 20 சதவிகிதம் வீரர்களுக்கான நிதிக்கு என்ற வாக்குறுதியும் சேர, தேசாபிமானமும் ஆவலும் ஒருங்கே பெருகின.

2021 குடியரசு தினத்தன்று வெளியான விளையாட்டிலோ, 2020-இல் இந்திய, சீன வீரர்கள் மோதிக்கொண்ட கல்வான் பள்ளத்தாக்கில் ஒரு சிப்பாய் எதிரிகளைக் கைகலப்பிலேயே வீழ்த்துகிறான். பறித்த ஆயுதம் சீக்கிரமே கெட்டுவிடுகிறது. களைத்தால் நெருப்பருகே உட்கார்ந்து தேறுகிறான். எழுந்தால் மறுபடி அதே குத்து, அதே உதை. அந்தக் கல்வான் மோதலில் துப்பாக்கி வெடிக்கவில்லையாதலால் இது சரித்திரத்துக்கு விரோதமன்று. ஆயினும் நண்பர்களோடு சேர்ந்து சுட்டு விளையாட வந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சிற்று. ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பலர் தேசத்துக்கும், ஒன்று போட்டவர்களில் பலர் பப்ஜி போன கோபத்துக்குமே போட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். எனினும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கிறது என்ற கண்டனம் நியாயமானது. அதற்குத் தேசபக்தி சமாதானமாகாது.

அச்சேறிய புத்தகத்தின் ஆசிரியனுக்கு இல்லாத ஒரு சௌகரியம் இத்தொழிலில் உண்டு: விமரிசனத்துக்குப் பதிலாகப் படைப்பையே விஸ்தரிக்கலாம். அவ்வாறே 2021 ஜூனில், ஐவருக்கு ஐவர் மோதும் 'டீம் டெத்மேட்ச்' சோதனை வடிவில் வந்தது; துப்பாக்கியும் வந்தது. கேட்டதைக் கொடுத்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் விடிகிற வேளையில் நல்ல வேஷம் மேடையேறினாலும், கூத்துப் பார்க்க வந்த ஜனம் பாதி வீட்டுக்குப் போயிருக்குமே! ஜூலை 2-இல் கிராஃப்டன் நிறுவனம் பப்ஜியையே 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் மீட்டுக் கொண்டுவந்தது. தன் பழைய வடிவத்தைவிட எவ்வளவு தேறியது என்று பார்க்கப்பட்டிருக்கவேண்டிய அந்தப் புதிய பகுதி, நூறு பேர் பாராசூட்டில் இறங்கிப் பொருதும் ஒரு தீவோடு ஒப்பிடப்படலாயிற்று.