விடியுமுன் தொடங்கும் விழா

கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் டிரினிடாட் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடைபெறும் கார்னிவல், பொழுது புலருமுன்பே ‘ஜூவே’ என்னும் ஊர்வலத்துடன் தொடங்குகிறது. விடியல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் திரிபான இப்பெயர் கொண்ட ஊர்வலத்தில், சேறும் எண்ணெயும் சாயமும் பூசிக்கொண்டு ஆடுவதே மரபாதலால், அத்தையுடனோ மாமனுடனோ முதன்முறையாகச் செல்லும் இளையவருக்குப் பழந்துணி உடுத்துமாறு சொல்வதே பொருத்தமான அறிவுரை. புத்தாடைக்கு அங்கு வேலையில்லை.

பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தம் மாளிகைகளில் முகமூடி நடனமாகக் கொண்டாடிய இவ்விழாவை, 1838இல் முழு விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வழி மக்கள் தெருவுக்குக் கொணர்ந்து, கரும்புத் தோட்டம் எரிந்த நாள்களை நினைவூட்டும் ‘கான்பூலே’ என்னும் தீப்பந்த ஊர்வலத்தை அதனுடன் இணைத்தனர். 1881இல் அதை அடக்க முயன்ற காவலர்களோடு மோதவும் செய்தனர். பின்னர்த் தோல்முரசுகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, வெவ்வேறு நீளமுள்ள மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினர்; 1930களின் பிற்பகுதி முதல் தகரப் பாத்திரங்களும், அடுத்து எண்ணெய்ப் பீப்பாய்களும் அவ்விடத்தைப் பிடிக்க, பீப்பாயின் அடித்தகட்டைக் குழித்து, சுரத்துக்கொரு மேடு அமைத்துச் செய்யும் ‘ஸ்டீல்பேன்’ என்னும் இசைக்கருவி பிறந்தது.