உள்ளகப் பயிற்சியும் இளைஞரின் வேலை உரிமையும்
(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



2023-24ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி, 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரிடையே வேலையின்மை 10.2 விழுக்காடு. நகர்ப்புறங்களில் இது இன்னும் அதிகம். அனுபவம் உள்ளவருக்கே வேலை என்கின்றன நிறுவனங்கள். வேலை கிடைத்தால்தானே அனுபவம் வாய்க்கும்? இந்த இடுக்கில் சிக்கிய மாணவர் இன்டர்ன்ஷிப் எனப்படும் உள்ளகப் பயிற்சியை நாடுவது இயல்பே. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. ஆலையின் ஓட்டத்தையும் அலுவலகத்தின் நடைமுறையையும் வகுப்பறை கற்றுத்தராது. சிபாரிசுக்கு ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, நிறுவனத்தின் வாசலுக்குள் நுழையப் பெரும்பாலும் அதுவே வழி.

ஆயின், அவ்வழியில் செல்ல யாருக்கு இயல்கிறது?

2024 ஜூலை ஒன்றிய பட்ஜெட்டில் பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 500 பெருநிறுவனங்களில் ஒரு கோடி இளைஞருக்குப் பயிற்சி என்பது இலக்கு. அறிவிப்பின்படி மாத உதவித்தொகை 5,000 ரூபாய். அதில் 4,500 ரூபாயை அரசு தருவதாக இருந்தது. நிறுவனம் தருவதாக இருந்தது 500 ரூபாய், அதுவும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. ஓராண்டில் பாதிக் காலமேனும் நேரடிப் பணிச்சூழலில் கழிய வேண்டும் என்றது அந்த அறிவிப்பு. முடிவில் வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

மாதத்துக்கு 26 நாள் எனக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 192 ரூபாய். 2024-25இல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி பீகாரில் 245 ரூபாய். அரியானாவில் 374 ரூபாய். தர்பங்காவின் விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை குருகிராமில் அறை எடுத்துத் தங்கிப் பயில வேண்டுமானால், மீதிச் செலவை வீட்டார் அனுப்பியாக வேண்டும். முதல் சுற்றில் 82,000க்கும் மேற்பட்ட வாய்ப்புகள் வழங்கப்பட்டன. ஏற்றோர் சுமார் 28,000 பேர். சேர்ந்தோரோ சுமார் 8,700 பேர்தான். தொலைவும் பயிற்சிக் காலத்தின் நீளமும் தடைகள் என அரசே ஒப்புக்கொண்டது.

சட்டத்தின் நிலை என்ன? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநர் தொழிலாளர் அல்லர் என்கிறது. எனினும் அது குறைந்தபட்ச உதவித்தொகையையும் வேலை நேரத்தையும் வரையறுக்கிறது. உள்ளகப் பயிற்சியாளருக்கு அத்தகைய தனிச் சட்டமே இல்லை. நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் பயிற்சியாளரை நிறுத்தினால், இருவருமே இழக்கின்றனர். வேலையற்றோரின் சேமப் பட்டாளம் வேலையில் இருப்போரின் கூலியையும் அழுத்தும் என மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் விளக்கியது இதனையே.

ஆகவே, பயிற்சிக்குச் செல்லாதே என மாணவரைத் தடுப்பது கட்சி ஊழியரின் பணியன்று. குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத உதவித்தொகை, அதில் நிறுவனத்தின் உரிய பங்கு, எழுத்துப்பூர்வமான பயிற்சித் திட்டம், காலியிடங்களில் முன்னுரிமை, நிரந்தரப் பணியில் பயிற்சியாளரை அமர்த்தத் தடை ஆகிய கோரிக்கைகளின் பின்னால் அவரை அணிதிரட்டுவதே பணி. ஆலைக்குள் அடியெடுத்து வைக்கும் அந்த இளைஞரிடம் முதலில் சென்று பேச வேண்டியவர் அங்குள்ள தொழிற்சங்கத் தோழரே. பயிற்சி முடிந்து அவர் வெறும் சான்றிதழோடு வெளியேறும் வரை காத்திருத்தல் கூடாது.